துண்டுக்கடியில் பதினாறு நாள்

முபாரக் ராவுத்தர் தன் ஐம்பத்தெட்டு வயதில் ஒருமுறைகூட முதல் பேச்சில் உண்மையான எண்ணைச் சொன்னதில்லை. அதற்காக அவரைப் பொய்யர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாட்டுத் தரகர், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து அறுபத்தெட்டிலும் பொள்ளாச்சிச் சந்தையில் மாடு விற்றது. துண்டும் இருந்தது. இடையில் ஒரு முப்பது வருடம் துண்டைக் காணோம். எல்லோரும் போனிலேயே பேரத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு உலகத்திலுள்ள சாமான்களுக்கெல்லாம் காது முளைத்தது. கைக்கடிகாரம் கேட்டது, சட்டைப் பொத்தான் கேட்டது, மாட்டுக் கழுத்து மணிகூடக் கேட்டது. வாயால் ஒரு விலையை உச்சரித்தால் அடுத்த நொடியே அது பத்து ஊர் தாண்டிப் போய்விடும். எதிரில் வருகிற வியாபாரி உங்கள் மனசைப் படித்து முடித்துவிட்டுத்தான் வணக்கமே சொல்வான். ஆகவே சந்தைக்காரர்கள் சத்தமில்லாமல் பழைய வழிக்குத் திரும்பினார்கள். இரண்டு கைகள், மேலே ஒரு துண்டு. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. விரல் அழுத்தத்தை ஒட்டுக்கேட்கும் கருவியை இன்னும் யாரும் பெற்றுப்போடவில்லை.

அந்தச் சித்திரை மாதம், அவரைத் தேடி சந்தைக்குள் ஒரு பெண் வந்தாள். பெயர் செலின். கோவையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பூச்சியியல் டாக்டர், பிறந்த ஊர் தூத்துக்குடி. சாணியை மிதிக்காமல் நடக்கத் தெரிந்திருந்ததால் ராவுத்தருக்கு அவள் மேல் உடனே ஒரு மரியாதை வந்தது.

“பாய், எனக்கு மாடு வேண்டாம். நாள் வேணும்.”

“நாளா? பஞ்சாங்கக் கடை அந்தப் பக்கமுங்க.”

“வெளையாடாதீங்க. கருநீல வரியன் தெரியுமா?”

“மாட்டுல அப்படியொரு எனம் இல்லீங்களே.”

“பட்டாம்பூச்சி. கறுப்பு றெக்கையில நீலக் கோடு கோடா இருக்கும். பெருமழைக்கு முன்னாடி ஆனைமலையிலேர்ந்து கெளம்பி கிழக்க கொல்லிமலைப் பக்கம் போகும். அங்க முட்டை வைக்கும். அதுங்க பிள்ளைங்க ஐப்பசியில இங்க திரும்பி வரும். போனது வராது, வாரது போனதில்ல. ஆனா வழி மட்டும் தப்பாது.”

டீ வந்தது. அவள் சொல்லச் சொல்ல ராவுத்தர் ஆற்றாமலே குடித்தார். அந்தப் பழைய வழி முழுக்க இப்போது சூரியத் தகடுகள். மைல் கணக்கில் கண்ணாடி. மேலேயிருந்து பார்க்கும் பூச்சிக்கு அது குளம். தண்ணீர் என்று இறங்கும், சூட்டில் கருகும். லட்சக்கணக்கில் இருந்தவற்றில் போன வருடம் மலையில் நாலாயிரம்தான் மிச்சம்.

“அதனால வழிய மாத்தி எழுதப் போறோம்,” என்றாள் செலின். “பட்டாம்பூச்சி காலாலதான் ருசி பாக்கும், தெரியும்லா?”

“நம்மூர்ல காதால ருசி பாக்கறவங்களே இருக்கறாங்க, சொல்லுங்க.”

“புழுவா இருக்கப்போ தின்ன எலையோட ருசி, றெக்கை மொளைச்ச பிறகும் அதுக்கு ஞாபகம் இருக்கும். குறிஞ்சான் கொடி எலையில ஒரு சாறு தடவி இந்தப் புழுக்கள வளத்திருக்கோம். அதே சாறை வழி நெடுக பதினோரு தோட்டத்துல வச்சா, அந்த வாசனையப் பிடிச்சு தகடு இல்லாத பக்கமா போயிரும். ஒரே ஒரு தடவை போய்ச் சேர்ந்துட்டா போதும்.”

“சேரலைன்னா?”

“ஜூன் மழையில மலையிலேயே நனைஞ்சு செத்துரும். அதுக்கப்புறம் படத்துல பாத்துக்கிட வேண்டியதுதான்.”

ராவுத்தர் டம்ளரைக் கீழே வைத்தார். “என்னால ஆகறது என்னங்க?”

“அந்தப் பதினோரு பேரும் மருந்தடிக்காம இருக்கணும். நாங்க போய்க் கேட்டோம். படம் போட்டுக் காட்டினோம். விதையும் சொட்டுநீர்க் குழாயும் இனாமாத் தாரோம்னு சொன்னோம். மோர் குடுத்து அனுப்பிட்டாங்க. எனக்குப் பேரம் பேச ஆள் வேணும்.”

“எத்தனை நாளுங்க?”

“பன்னெண்டு.”

“தோட்டத்துல எவ்வளவு எடம்?”

“தோட்டம் முழுசும்.”

கண் சிமிட்டாமல் சொன்னாள். படித்தவர்கள் சொல்லும் எண்ணில் ஊதிச் சேர்த்த காற்று இருக்காது என்று ராவுத்தர் நம்பினார். அவ்வளவு வருடச் சந்தையில் அவர் செய்த பெரிய தப்பு அதுதான்.

பதினோரு பேரில் பத்துப் பேரை ஒரு வாரத்தில் முடித்துவிட்டார். எல்லோரிடமும் இருபது நாள் கேட்டார், எல்லோரும் ஐந்தில் ஆரம்பித்தார்கள், பன்னிரண்டில் வந்து நின்றது. பதினோராவது தோட்டம்தான் மொத்த வழிக்கும் கழுத்து. தாராபுரம் தாண்டி, இரண்டு பக்கமும் முப்பது கிலோமீட்டருக்குத் தகடு; நடுவில் ஒரே பச்சையாக மிதுனாவின் நாலு ஏக்கர் தக்காளி. கிணற்றோரம் பத்து சென்ட் தரிசில் மஞ்சள் பூவோடு கிலுகிலுப்பை மண்டிக் கிடந்தது. வரியனுக்கு அந்தச் செடியின் சாறு என்றால் உயிர். அங்கே இறங்கி உறிஞ்சாமல் அடுத்த எட்டு எடுத்து வைக்காது.

மிதுனாவுக்கு ஐம்பது வயது. கணவர் போன பிறகு தனியாகப் பாடுபட்டு, சுற்றிலும் எல்லோரும் தகட்டுக்காரனுக்கு நிலத்தை விட்டுவிட்டுப் போனபோது, விடமாட்டேன் என்று நின்றவள். இந்த அறுவடை தப்பினால் அவளும் விட வேண்டியதுதான். அது ராவுத்தருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

துண்டை எடுத்த ராவுத்தர் சட்டென்று தயங்கினார். பெண்ணோடு கைபிடித்துப் பேரம் பேசிய வழக்கமில்லை.

“என்ன மாமா, துண்டு ஓட்டையா?” என்றாள் மிதுனா. “கைய நீட்டுங்க. எங்கூட்டுக்காரரு போனதுலேர்ந்து இந்தக் காட்டு வெள்ளாமையெல்லாம் நான்தான் துண்டு போட்டு விக்கறேன்.”

“அதுக்கில்லீங்க அம்மிணி...”

“அப்ப நீட்டுங்க.”

துண்டு விழுந்தது. ராவுத்தர் அவள் முழுக் கையையும் நாலுமுறை பிடித்தார். இருபது. மிதுனா சிரித்த சிரிப்பில் கிணற்று மேட்டுக் காக்கை பறந்தது. அவள் மூன்று விரலைப் பிடித்தாள்.

“மூணா! அம்மிணி, பூச்சி நெம்பத் தூரத்துலேர்ந்து வருதுங்க. விருந்தாளிக்கு மூணு நாளுன்னா மூஞ்சியில அடிச்சாப்ல ஆகாதா?”

“என்ற தக்காளிக்கு ஊசிப்புழு வந்தா விருந்தாளி மருந்து வாங்கித் தருவாங்களா?”

வெயில் ஏறும்வரை பேரம் நடந்தது. பன்னிரண்டில் முடிந்தது. கையை விடும்போது அவள் விரல்கள் ஒரு நொடி தயங்கியதை ராவுத்தர் கவனித்தார். இன்னும் கொஞ்சம் உள்ளே வைத்திருக்கிறாள் என்று புரிந்தது. நல்ல வியாபாரி என்று நினைத்துக்கொண்டார்.

செலின் வந்து கிலுகிலுப்பைக்கு நடுவே சாறு நிரப்பிய மண்கலயங்களை வைத்தாள். மருந்தடிக்கும் ட்ரோன்களுக்கு விடுமுறை போட்டார்கள். பதினோரு தோட்டமும் மேற்கே பார்த்துக் காத்திருந்தன.

காற்று வரவில்லை.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரவேண்டிய மேல்காற்று எங்கேயோ படுத்துத் தூங்கிவிட்டது. காற்று தூக்கிவிடாமல் வரியன்கள் கிளம்பாது. பத்தாம் நாள் போனது, பதினோராம் நாள் போனது. பன்னிரண்டாம் நாள் காலை ராவுத்தர் மிதுனாவின் வரப்பில் நின்றார். தக்காளி இலைகளில் வெள்ளை வெள்ளையாக ஊசிப்புழு கோலம் போட்டிருந்தது.

“தெரியும் மாமா, எதுக்கு வந்தீங்கன்னு,” என்றாள் அவள். துண்டுகூடக் கேட்கவில்லை. “பேரத்துல நாலு நாள் உள்ள வச்சிருந்தேன். எடுத்துக்கங்க.”

“மத்தவங்களும் அப்படித்தாங்க. ஒருத்தரு நாலு, ஒருத்தரு அஞ்சு.”

“பின்ன? தரகருகிட்ட எவனாவது கடைசி நாளச் சொல்வானா?” பிறகு சிரிக்காமல் சொன்னாள்: “ஆனா இதுக்கு மேல இல்ல. இது நெசம்.”

பதினாறாம் நாள் மாலை செலின் வந்தாள். பாதித் தோட்டம் பழுப்பாகிவிட்டிருந்தது. காய்களில் ஊசி குத்தினாற்போலத் துளைகள். மிதுனா ஒரு காயைப் பிட்டு, உள்ளே பார்த்து, வரப்போரம் வீசிவிட்டு வீட்டுக்குப் போனாள். 

“டாக்டரம்மா, எங்கிட்ட இருந்த நாளெல்லாம் தீந்துபோச்சுங்க. நாளைக்கு ட்ரோன் பறக்கும். உங்ககிட்ட ஏதாச்சும் மிச்சம் இருக்குதா?”

செலின் கிலுகிலுப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருக்கு,” என்றாள் மெதுவாக. “தோட்டம் முழுசும் வேண்டாம் பாய். மத்த எடத்துல கலயத்தச் சுத்தியும், இங்க கிணத்தோரத்துப் பத்து சென்ட்டுலயும் மருந்து படலைன்னா போதும்.”

“இது எப்பத்திலேர்ந்து?”

“முதல்லேர்ந்தே.”

ராவுத்தர் தோள் துண்டை எடுத்து உதறினார்.

“எங்கம்மா தூத்துக்குடியில மீன் ஏலம் எடுத்தவங்க,” என்றாள் செலின். “நான் பொறந்ததே கூடையடியில. முழுத் தோட்டமும் கேட்டா, எப்படியும் நீங்க பாதிக்குத்தான் படிய வைப்பீங்க, அதுல ஓரத்துல பத்து சென்ட் தப்பும்னு கணக்குப் போட்டேன். நீங்க முழுசையும் வாங்கிட்டு வந்து நின்னீங்க. எப்படி வேண்டாம்னு சொல்ல?”

“நான் இருவது நாள் கேட்டு பன்னெண்டு வாங்கினேன். அம்மிணி பதினாறு வச்சுக்கிட்டு பன்னெண்டுன்னாங்க. நீங்க பத்து சென்ட்ட வச்சுக்கிட்டு நாலு ஏக்கருன்னீங்க.” ராவுத்தர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மூணு பேருமே வெவரம். தக்காளி மட்டும்தான் ஏமாளி.”

“நானே போய்ச் சொல்லுதேன்.”

“வேண்டாம். வாங்கினவன் நான். நான்தான் சொல்லணும்.”

மறுநாள் விடிந்ததும் போனார். மிதுனா வாசலில் ட்ரோனுக்கு மருந்து கலந்துகொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் அவர் கை தோளுக்குப் போனது. துண்டைத் தொட்டுவிட்டு இறங்கியது. பிறகு, எல்லாக் காதுகளும் கேட்க, வாயால் சொன்னார்.

“அம்மிணி. பத்து சென்ட் போதும். மொதல்லயே அது போதுமுங்க. தோட்டம் முழுசும் வேண்டியதில்ல. டாக்டரம்மா கூட்டிச் சொன்னாங்க, நான் கேள்வி கேக்காம கூட்டி வாங்கினேன்.”

கலக்கும் குச்சி நின்றது.

“அப்ப என்ற காட்ட எதுக்குங்க காயப் போட்டேன்?”

ராவுத்தர் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“பதினாறு நாளு மாமா. தெனமும் காலையில போயி ஒவ்வொரு செடியாப் பாத்துட்டு, இன்னைக்கு ஒரு நாளு, இன்னைக்கு ஒரு நாளுன்னு... ரெண்டு ஏக்கரு போயிருச்சு. சந்தையில ஏமாத்துனா மாடுதான் போகும். இது என்ற சோறு.”

“திட்டுங்க அம்மிணி.”

“திட்டறதுக்கு நேரமில்ல. மிச்சம் ரெண்டு ஏக்கரு நிக்குது.” மருந்து வாளியைத் தூக்கினாள். பிறகு கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.  “ட்ரோன் அடிச்சா காத்துல பறந்து அங்கயும் விழுகும். பத்து சென்ட்ட விடணும்னு அதுக்கென்ன தெரியும்?”

“விழுகட்டுமுங்க. நீங்க அடிங்க. நியாயம் உங்க பக்கம்.”

“நியாயம் என்ற பக்கம்னு எனக்குத் தெரியும். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.” அவள் ஓட்டு வீட்டுக்குள் போய், யாரோ எப்போதோ பரண் மேல் போட்ட முதுகுத் தெளிப்பானைத் தூசியோடு கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். “கிணத்தோரத்துப் பத்து வரிசைக்குக் கையில அடிக்கறோம். காத்துக்கு முதுகக் காட்டி, தாழ்வா. பூச்சி ஒரு பாவமும் பண்ணல. நீங்க பண்ணுனீங்க, அதனால நீங்க சொமங்க.”

ராவுத்தர் சுமந்தார். பதினைந்து லிட்டர் தண்ணீர் முதுகில் ஏறியதும், மாடுகள் தன்னைப் பற்றி இத்தனை வருடம் என்ன நினைத்திருக்கும் என்று அவருக்கு ஓரளவு தெரிந்தது. மதியம்வரை அடித்தார்கள். மிச்சத்தை ட்ரோன் பார்த்துக்கொண்டது. கிணற்றோரத்தில் ஒரு துளி விழவில்லை.

அன்றைக்கே சாயங்காலம் தென்னை மட்டைகள் அசைந்தன.

அடுத்த நாள் பத்து மணிக்கு முதல் வரியன் வந்தது. ஒன்றுதான். கிணற்றைச் சுற்றிவிட்டுக் கிலுகிலுப்பையில் உட்கார்ந்தது. பிறகு ஏழெட்டு. பிறகு மேற்கு வானத்தில் யாரோ கரித்தூளை ஊதிவிட்டது போல ஒரு கூட்டம், தகடுகளின் பளபளப்பை ஒட்டியும் ஒட்டாமலும் தாழப் பறந்து, நேராக அந்தப் பத்து சென்ட்டுக்குள் கொட்டியது. மஞ்சள் பூ மறைந்து செடியெல்லாம் நீலக் கோடாகிவிட்டது. செலின் எண்ணத் தொடங்கி, மூவாயிரத்தில் நிறுத்திவிட்டு அழுதாள். அடுத்த மூன்று நாளில் எல்லாம் கிழக்கே போய்விட்டன.

“அழகாத்தான் இருக்குது கெரகம்,” என்றாள் மிதுனா. சொல்லிவிட்டு, மிச்சம் நின்ற செடிகளைப் பார்க்கப் போனாள். 

ஆடியில் செலின் இரண்டு பேரையும் பார்க்க மறுபடி வந்தாள். நின்ற இரண்டு ஏக்கர் மிதுனாவைக் கைவிடவில்லை; நிலம் அவளிடமே இருந்தது. ராவுத்தர் மாதம் இரண்டுமுறை ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அங்கே வந்து, வெயிலில் ஏதாவது வேலை செய்து, திட்டு வாங்கிக்கொண்டு போவது வழக்கமாகியிருந்தது. அன்றைக்கு அவர் சொட்டுநீர்க் குழாயில் அடைப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

“மிதுனாக்கா, ஒரு விசயம் சொல்லணும். பாய், நீங்களும் கேளுங்க,” என்றாள் செலின். “அந்தக் கலயத்துல வச்ச சாறை எடுத்துட்டுப் போய்ப் பாத்தோம். பத்தாம் நாளே வெயில்ல ஆவியாப் போயிருச்சு. பதினெட்டாம் நாள் வரியன் வாரப்போ அதுல ஒண்ணுமேயில்ல. வெறும் கலயம்.”

“அப்ப எதை மோந்துட்டு வந்துதுங்க?” என்றார் ராவுத்தர்.

“கிலுகிலுப்பையத்தான். அந்தச் செடிக்குன்னு ஒரு புழு உண்டு. அது கடிச்சா செடியிலேர்ந்து சாறு கசியும், வாசனை ஊரத் தாண்டிப் போகும். வரியன் ரொம்பத் தூரத்துலேர்ந்தே பிடிச்சிரும். கடிபடாத செடின்னா பக்கத்துல வந்தாத்தான் தெரியும். மத்த பத்து தோட்டத்துலயும் இந்தச் செடியையும் களைன்னு எடுத்து, கலயத்தச் சுத்தி சுத்தமா வச்சிருந்தாங்க. அங்கெல்லாம் கொஞ்சந்தான் இறங்கிச்சு. இங்க பதினாறு நாள் நாலு ஏக்கர்லயும் மருந்து வாசமே இல்ல. புழு நிம்மதியா மேஞ்சிருக்கு.”

மிதுனா மண்வெட்டியை ஊன்றி நின்றாள்.

“முதல்லயே பத்து சென்ட்டுன்னு கேட்டிருந்தா,” என்றாள் செலின், “நீங்க மத்த எடத்துல ட்ரோன் விட்டிருப்பீங்க. காத்துல மருந்து அங்கயும் விழுந்திருக்கும். புழு செத்திருக்கும், செடி பச்சையா நின்னிருக்கும், கூட்டம் தகட்டுல போய் விழுந்திருக்கும். நான் கூட்டிச் சொன்னதா நெனச்சது, நெசமாவே வேண்டியதா இருந்திருக்கு. அது எனக்கே தெரியல.”

மிதுனா மண்வெட்டியை வரப்பில் சாய்த்தாள்.

“ஆகமொத்தம், என்ற தக்காளிய ஒரு புழு தின்னுச்சு. இன்னொரு புழு உங்க பூச்சியக் கூப்புட்டுச்சு. ரெண்டும் கூட்டாளிக.”

“அப்படித்தான் வச்சுக்கிடணும்.”

“தெரியாமச் சொன்ன நெசத்துக்கு நன்றியெல்லாம் சொல்லமுடியாது டாக்டரம்மா.” ஆனாலும் அன்றைக்குத்தான் முதல்முறையாக இருவருக்கும் சோறு போட்டாள்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள். ராவுத்தர் சந்தையில் ஒரு காங்கேயம் காளையின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண். பின்னணியில் டிராக்டர் உறுமியது.

“ராவுத்தருங்களா? நான் ஹர்ஷவர்தன் பேசறேனுங்க. வெள்ளக்கோயில் பக்கம். தாராபுரத்து மிதுனாம்மா நம்பரு குடுத்தாங்க.” குரலைக் கேட்டால் அறுபது வயது இருக்கும். “உங்க பூச்சி எங்காட்டுல எறங்கியிருக்குதுங்க. வந்து புடிச்சுட்டுப் போறீங்களா?”

“எந்தப் பூச்சிங்க?”

“கருப்புல நீலக் கோடு. சணப்பை போட்டிருக்கறேனுங்க, பசுந்தாள் உரத்துக்கு. மொக்கு விட்டாச்சு, மடக்கி உழுகலாம்னு வண்டிய எறக்குனா, எலை தெரியாம உக்காந்திருக்குதுங்க. ஆயிரமோ ரெண்டாயிரமோ. அரண் வச்சாப்ல.”

ராவுத்தர் காளையின் வாயை விட்டார். அவர்கள் போட்ட பதினோரு தோட்டத்தில் வெள்ளக்கோயிலே கிடையாது. யாரும் அங்கே கலயம் வைக்கவில்லை, யாரும் போய்க் கேட்கவில்லை. வந்திருப்பவை சாறு தடவிய இலையைத் தின்றவையுமல்ல. கொல்லிமலையில் பிறந்த பிள்ளைகள். சணப்பையும் கிலுகிலுப்பைக் குடும்பம்தான் என்று செலின் ஒருநாள் சொன்னது நினைவுக்கு வந்தது. தங்கள் வழியைத் தாங்களே பேசி முடித்துக்கொண்டு வந்திருக்கின்றன.

“ஹலோ? இருக்கீங்களா? எத்தனை நாளைக்குங்க இது? பூ முத்திருச்சுன்னா தண்டு நாராயிரும், அப்புறம் மக்கவே மக்காது. ஈரமும் ஓடிப்போயிரும்.”

ராவுத்தரின் நாக்கில் ஆறு என்று வந்து உட்கார்ந்தது. ஐம்பத்தெட்டு வருடப் பழக்கம். சுற்றிலும் போனும் பொத்தானும் மணியும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தன.

“மூணு நாளுங்க,” என்றார்.

“மூணுன்னா ஒண்ணரைங்களா?”

“இல்லீங்க. மூணுன்னா மூணு. தின்னுட்டு, காத்து பாத்து, அதுபாட்டுக்கு மேக்க போயிரும். அதுக்கு மேல ஒரு நாளும் வேண்டாம். அதுக்குக் கொறைஞ்சாலும் ஆகாது.”

 மறுமுனையில் டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஹர்ஷவர்தன் பக்கத்தில் யாரிடமோ என்னவோ கேட்டார். ஒரு பெண்குரல் என்னவோ சொன்னது.

“தரகரு வாயில இப்படியொரு பேச்சா,” என்று முணுமுணுத்தார் அவர். “சரிங்க. அஞ்சு நாளு கெடக்கட்டும். நடுவுல மழை கிழை வந்தா அதுக எங்க போகும்?”

டிராக்டர் சத்தம் நின்றது.